சீனத்தில் எழுதும்போது இணைப்புச்சொற்கள் எங்கே சறுக்குகின்றன?

கேள்வி இதுதான்: எச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) நான்காம் நிலை தேறியாயிற்று. 'ஆகவே', 'ஆனால்', 'இருந்தாலும்' என்பவற்றுக்கான சீனச் சொற்கள் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் இணைப்புச்சொற்களிலேயே கை வைக்கிறார். பாதியை அடிக்கிறார், சில இடங்களில் தானாக ஒன்றைச் சேர்க்கிறார். இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

உண்டு. சீன இணைப்பில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள் முதல் பாதியை நன்றாகப் படித்துக்கொள்கிறார்கள், இரண்டாம் பாதியைக் கோட்டை விடுகிறார்கள். ஆசிரியர் அடிப்பது பெரும்பாலும் தேவையில்லாத முதல் பாதியை. சேர்ப்பது விட்டுப்போன இரண்டாம் பாதியை.

(சீன ஒலிகளைத் தமிழெழுத்தில் ஏறத்தாழ எழுதியிருக்கிறேன். தொனிகளைக் குறிக்கவில்லை, அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சீன ஆசிரியர்கள் இவற்றை மொத்தமாக 'குவான்லியென்ட்ஸி' என்பார்கள். அதற்குள் இரண்டு வகைச் சொற்கள் அடக்கம். யின்வெய் (ஏனென்றால்), சுய்ரான் (என்றாலும்), ரூகுவோ (ஒருவேளை), டான்ஷி (ஆனால்) போன்றவை அசல் இணைப்புச்சொற்கள். ஜியூ (அப்படியானால்), ட்சாய் (அப்போதுதான்), யே (-உம்), டோவ் (எல்லாம்), ச்சுயே (ஆனால்) ஆகியவை இலக்கணப்படி வினையடைகள். ஆனால் வாக்கியங்களைக் கோப்பதில் இவற்றுக்குச் சம பங்கு. பாடநூல் இந்த ஐந்தையும் வேறு வேறு பாடங்களில், வேறு வேறு பொருளோடு கற்றுத்தருவதால் மாணவர் மனதில் இவை இணைப்புச்சொற்களாகப் பதிவதே இல்லை. பிழைகளின் ஊற்று அங்கே இருக்கிறது.

தமிழ் பேசுபவருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. "நீ வந்தால் நான் போவேன்" என்கிறோம். நிபந்தனை முழுவதும் '-ஆல்' என்ற விகுதியில், முதல் கூற்றின் வாலிலேயே முடிந்துவிடுகிறது. "நான் போவேன்" என்ற பகுதியில் எந்த அடையாளமும் இல்லை. சீனத்தில் அப்படி இல்லை. முதல் கூற்றின் தலையில் ரூகுவோ வரும். இரண்டாம் கூற்றில் வினைக்கு முன்னால் ஜியூ வந்து அதற்குப் பதில் சொல்லும்:

ரூகுவோ நீ லாய், வொ ஜியூ ட்ஸோவ்.

(நீ வந்தால் நான் கிளம்பிவிடுவேன்.)

இதில் ரூகுவோவை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும்: "நீ லாய், வொ ஜியூ ட்ஸோவ்." பேச்சில் இப்படித்தான் அதிகம் கேட்கும். ஜியூவை எடுத்துவிட்டு ரூகுவோவை மட்டும் வைத்தால் பல இடங்களில் வாக்கியம் தொங்கிக்கொண்டு நிற்கிறது. பாரம் எந்தப் பாதியில் இருக்கிறது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஜியூவைப் போட நினைவு வைத்திருப்பவர்களும் அதை எழுவாய்க்கு முன்னால் போட்டுவிடுகிறார்கள்: "ரூகுவோ நீ லாய், ஜியூ வொ ட்ஸோவ்." இது தவறு. ஜியூ வினையடை என்பதால் அதன் இடம் எழுவாய்க்குப் பின், வினைக்கு முன். ட்சாய், யே, டோவ், ச்சுயே நான்குக்கும் அதே இடம்தான். 'ஆனால்' என்ற பொருளில் டான்ஷி எழுவாய்க்கு முன்னால் வரும் (டான்ஷி தா மெய் லாய்: ஆனால் அவன் வரவில்லை), ச்சுயே எழுவாய்க்குப் பின்னால் வரும் (தா ச்சுயே மெய் லாய்). "ச்சுயே தா மெய் லாய்" என்று எழுதினால் நிச்சயம் சிவப்பு மை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வரலாம், அதில் தடையில்லை: "டான்ஷி தா ச்சுயே மெய் லாய்."

இனி தமிழருக்கு மிகவும் பயன்படும் ஒரு விஷயம். தமிழில் முதல் கூற்றின் வாலில் ஒட்டும் '-தான்', '-உம்' இரண்டும் சீனத்தில் இரண்டாம் கூற்றுக்குள் போய் வினைக்கு முன்னால் உட்காரும். இதைப் பிடித்துக்கொண்டால் நான்கு ஜோடிகள் ஒரே வீச்சில் தெளிவாகிவிடும்.

"முயன்றாலே போதும், கற்றுக்கொள்ளலாம்" என்றால் ஜீயாவ்... ஜியூ. "முயன்றால்தான் கற்றுக்கொள்ள முடியும்" என்றால் ஜீயோவ்... ட்சாய்:

ஜீயாவ் நூலி, ஜியூ நெங் சூவேஹாவ்.

ஜீயோவ் நூலி, ட்சாய் நெங் சூவேஹாவ்.

முதலாவதில் முயற்சி போதுமான நிபந்தனை. இரண்டாவதில் முயற்சி இல்லாமல் ஆகாது என்ற கட்டாயம். ஆங்கில வழியாகப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் காலமெல்லாம் குழப்பிக்கொள்வார்கள், ஏனென்றால் பாடநூலின் ஆங்கில விளக்கத்தில் இரண்டுமே ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். தமிழில் '-ஆலே போதும்', '-ஆல்தான்' என்ற பிரிவு கூர்மையாக இருக்கிறது. நேரடியாகத் தமிழிலிருந்து போங்கள். ஜீயாவுடன் ட்சாய், ஜீயோவுடன் ஜியூ என்று மாற்றிக் கோப்பது நடு நிலை மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. '-தான்' இருந்தால் ட்சாய் என்று வைத்துக்கொண்டால் அது நேராது.

"எவ்வளவு குளிராக இருந்தாலும் போவேன்" என்பதில் 'எவ்வளவு' என்ற வினாச்சொல்லும் '-உம்' விகுதியும் சேர்ந்து வருகின்றன. சீனத்திலும் அப்படியே: "பூகுவான் தியென்ச்சி துவோ லெங், வொ டோவ் ச்சூ." பூகுவானுக்குப் பின்னால் வினாச்சொல்லோ, 'உண்டா இல்லையா' வடிவமோ, இரண்டில் ஒன்று என்ற தேர்வோ கட்டாயம் வேண்டும். "பூகுவான் தியென்ச்சி ஹென் லெங்" (எதுவாயினும் வானிலை மிகக் குளிர்) என்று எழுதுவது உலகெங்கும் மாணவர்கள் செய்யும் பிழை. 'ஹென்' (மிக) வந்துவிட்டால் அது தீர்ந்த கூற்று. பூகுவான் கேட்பதோ தீராத கேள்வி. 'எவ்வளவு குளிரானாலும்' என்று மனதில் தமிழில் சொல்லிப் பார்ப்பவர் 'துவோ'வைத் தவறவிடமாட்டார்.

அதே '-உம்' கண்ணியும் வைக்கிறது. "மழை பெய்தாலும் போவேன்", "மழை பெய்தாலும் போனேன்": தமிழில் இரண்டுக்கும் '-ஆலும்' ஒன்றே. சீனத்தில் இவை வேறு வேறு ஜோடிகள். முதலாவதில் மழை இன்னும் பெய்யவில்லை, வெறும் கற்பனை, அதற்கு ஜீஷி... யே: "ஜீஷி சியா யூ, வொ யே ச்சூ." இரண்டாவதில் மழை உண்மையிலேயே பெய்தது, அதற்கு சுய்ரான்... டான்ஷி: "சுய்ரான் சியா யூ லெ, டான்ஷி வொ ஹாய்ஷி ச்சூ லெ" (இங்கே ஹாய்ஷி என்றால் 'அப்படியும்'). தமிழர் எழுதும் சீனத்தில் சுய்ரானைக் கற்பனைக்கும் பயன்படுத்தும் ஆபத்து இங்கிருந்து வருகிறது. 'பெய்தபோதிலும்' என்று மாற்றிச் சொன்னால் பொருள் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் சுய்ரான், பொருந்தாவிட்டால் ஜீஷி.

'அல்லது' விஷயத்தில் தமிழர் கொடுத்துவைத்தவர். சீனத்தில் ஹுவோஜ, ஹாய்ஷி என்று இரண்டு சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் ஆங்கிலம் பேசுவோர் தடுமாறுவார்கள். நாம் "காபி அல்லது டீ குடிப்பேன்" என்கிறோம், கேட்கும்போது "காபியா டீயா?" என்கிறோம். '-ஆ... -ஆ' வந்தால் ஹாய்ஷி, 'அல்லது' வந்தால் ஹுவோஜ. "வருவானா மாட்டானா தெரியவில்லை" என்பது கேள்வி வாக்கியம் இல்லை, ஆனாலும் உள்ளே '-ஆ... -ஆ' இருக்கிறது, சீனத்திலும் அங்கே ஹாய்ஷிதான்: "பூ ஜீதாவ் தா லாய் ஹாய்ஷி பூ லாய்." பூகுவானுக்குப் பின்னும் இதே காரணத்தால் ஹாய்ஷி வருகிறது. பாடநூல்கள் "கேள்வியில் ஹாய்ஷி, கூற்றில் ஹுவோஜ" என்று விதி எழுதிவிட்டு, பிறகு விதிவிலக்குகளை அடுக்கும். தமிழிலிருந்து போனால் விதிவிலக்கே இல்லை.

'-உம்' தரும் இன்னொரு தொல்லை பெயர்ச்சொல் பட்டியலில். "அரிசியும் பருப்பும் எண்ணெயும்" என்று ஒவ்வொன்றிலும் ஒட்டிப் பழகியதால் ஒவ்வொன்றுக்கும் இடையில் 'ஹெ' போடத் தோன்றும். சீனத்தில் கடைசிப் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு ஹெ. மற்ற இடங்களில் துன்ஹாவ் எனப்படும், துளி வடிவில் சாய்ந்த சிறிய நிறுத்தக்குறி. சாதாரணக் காற்புள்ளியும் அங்கே கூடாது. கையெழுத்தில் இரண்டையும் வேறுபடுத்தி எழுதப் பழகுங்கள்.

ஹெ பெயர்களைச் சேர்க்கும். ஒரே பொருளைச் செயப்படுபொருளாகக் கொண்ட ஈரசை வினைகளையும் சேர்க்கலாம் ("தாவ்லுன் ஹெ யென்ஜியூ", அதாவது விவாதிப்பதும் ஆராய்வதும்). இரண்டு முழு வாக்கியங்களைச் சேர்க்கவே சேர்க்காது. "வொ ச்சூ பெய்ஜிங் ஹெ வொ கான் சாங்செங்" (பெய்ஜிங் போனேன் மற்றும் பெருஞ்சுவர் பார்த்தேன்) என்பது தொடக்க நிலைக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை. திருத்தம் வேறு இணைப்புச்சொல்லைத் தேடுவதில் இல்லை, ஒன்றும் போடாமல் இருப்பதில் இருக்கிறது: "வொ ச்சூ பெய்ஜிங் கான் சாங்செங்." தமிழில் "பெய்ஜிங் போய்ப் பெருஞ்சுவர் பார்த்தேன்" என்போம், அந்த வினையெச்சக் கோவைக்குச் சீனத்தில் வினைகளை வரிசையாக வைத்தாலே போதும். தமிழர் இந்தப் பிழையைச் செய்தால் அவர் தமிழில் யோசிக்கவில்லை, இடையில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

எழுவாயின் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கூறுகளுக்கும் எழுவாய் ஒன்றே என்றால் அது பொதுவாக முதல் இணைப்புச்சொல்லுக்கு முன்னால் போகும்: "தா பூடான் ஹுய் சாங்க, அர்ச்சியே ஹுய் தியாவ்வூ" (அவன் பாடுவது மட்டுமல்ல, ஆடவும் செய்வான்). எழுவாய்கள் வேறு என்றால் இணைப்புச்சொல் முந்தும்: "பூடான் தா ஹுய், அர்ச்சியே தா மெய்மெய் யே ஹுய்" (அவனுக்கு மட்டுமல்ல, அவன் தங்கைக்கும் தெரியும்). "பூடான் தா" என்று தொடங்கிவிட்டால் வாசகர் வேறொரு ஆளை எதிர்பார்ப்பார். யின்வெய், சுய்ரான், ரூகுவோ மூன்றிலும் இதே போக்கு உண்டு. ஆனால் பூடானில்தான் இது மிகக் கறார்.

இதுவரை சொன்னது விட்டுப்போன பாதியைப் பற்றி. இனி ஆசிரியர் அடிக்கும் பாதி.

1940களில் மொழியியலாளர் வாங் லீ சீனத்தையும் ஐரோப்பிய மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு பிரிவை முன்வைத்தார்: சொல்லால் இணைதல், பொருளால் இணைதல். இரண்டாவதற்கு 'யீஹ' என்று பெயர். சீன வாக்கியங்கள் பெரிதும் யீஹ வகை. இரண்டு கூறுகளைப் பக்கத்தில் வைத்தாலே காரணமும் விளைவும் வாசகருக்குப் புரிந்துவிடும். "சியா யூ லெ, வொ மெய் ச்சூ" (மழை பெய்தது, நான் போகவில்லை) என்பதில் யின்வெயும் இல்லை, சுவோயியும் (ஆகவே) இல்லை. சாதாரணச் சீனம் இதுதான். காரணத்தைப் பின்னால் வைத்து "வொ மெய் ச்சூ, யின்வெய் சியா யூ லெ" என்று எழுதும் முறை பழைய எழுத்தில் அரிது. 1919க்குப் பிறகு எழுந்த புதிய உரைநடையில் மொழிபெயர்ப்புகளின் செல்வாக்கோடு பெருகியது. இன்று அது தவறில்லை. ஆனால் பத்தி முழுக்க அப்படியே வந்தால் படிப்பவருக்கு அயல்வாடை அடிக்கும்.

இப்படி ஒரு மாதிரிப் பத்தியை எடுத்துக்கொள்வோம்:

"யின்வெய் சியாவ்மிங் ட்ஸுவோதியென் பிங் லெ, சுவோயி தா மெய் ச்சூ சூவேசியாவ். டான்ஷி தா ஹென் சியாங் ச்சூ, யின்வெய் யோவ் காவ்ஷி. சுவோயி தா கெய் லாவ்ஷி டா லெ தியென்ஹுவா, ரான்ஹோவ் ஷுவோ டீஅர்தியென் யாவ் ச்சூ. ரான்ஹோவ் லாவ்ஷி ஷுவோ மெய் குவான்ஷி, சுவோயி தா ஹென் காவ்ஷிங்."

(நேற்று உடம்பு சரியில்லாததால் சியாவ்மிங் பள்ளிக்குப் போகவில்லை. ஆனால் தேர்வு இருந்ததால் போக மிகவும் விரும்பினான். ஆகவே ஆசிரியருக்கு போன் செய்து, பிறகு மறுநாள் வருவதாகச் சொன்னான். பிறகு ஆசிரியர் பரவாயில்லை என்றார், ஆகவே அவனுக்கு மகிழ்ச்சி.)

நான்கு வாக்கியங்களில் எட்டு இணைப்புச்சொற்கள். தனித்தனியாகப் பார்த்தால் இலக்கணப் பிழை என்று ஒன்றையும் காட்ட முடியாது. ஆனாலும் சீனர் ஒருவர் இப்படி எழுதமாட்டார். திருத்திய வடிவம்:

"சியாவ்மிங் ட்ஸுவோதியென் பிங் லெ, மெய் ச்சூ சூவேசியாவ். நா தியென் யோவ் காவ்ஷி, தா ஹென் சியாங் ச்சூ, ஜியூ கெய் லாவ்ஷி டா லெ கெ தியென்ஹுவா, ஷுவோ டீஅர்தியென் யீடிங் ச்சூ. லாவ்ஷி ஷுவோ மெய் குவான்ஷி, தா ஜ ட்சாய் ஃபாங்சின்."

எட்டும் போய்விட்டன. அவற்றின் இடத்தில் வந்தவை ஒரு ஜியூ, ஒரு ட்சாய். முன்னது 'அதனால் உடனே' என்ற தொடர்ச்சியைத் தருகிறது. பின்னது 'அதற்குப் பிறகுதான் நிம்மதி' என்ற தாமதத்தைத் தருகிறது. எழுவாயும் குறைந்திருக்கிறது: முதல் வாக்கியத்தின் இரண்டாம் கூற்றில் 'தா' (அவன்) இல்லை, போன் செய்த இடத்திலும் இல்லை. தமிழில் "வந்தான், சாப்பிட்டான், கிளம்பிப் போனான்" என்று எழுவாயைத் திரும்பச் சொல்லாமல் ஓட்டுவோமே, அதே பழக்கம் சீனத்திலும் செல்லும். நிறுத்தக்குறியும் மாறியிருக்கிறது. ஒரே ஆளைப் பற்றிய செயல்கள் தொடரும்வரை காற்புள்ளி. ஆளோ பேச்சுப்பொருளோ மாறும்போது முற்றுப்புள்ளி. ஒவ்வொரு கூற்றுக்கும் முற்றுப்புள்ளி வைப்பவர்தான் அடுத்த வாக்கியத்தைச் சுவோயியில் தொடங்க வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறார். இணைப்புச்சொல் மிகுவதற்கும் முற்றுப்புள்ளி மிகுவதற்கும் வேர் ஒன்றே.

அதற்காக எல்லாவற்றையும் அடித்துவிடக் கூடாது. காரணம், கால வரிசை இரண்டும் சொல்லாமலே புரியும். அவற்றின் சொற்களைத் துணிந்து எடுக்கலாம். எதிர்நிலை அப்படி இல்லை. டான்ஷியையோ ச்சுயேயையோ எடுத்தால் பல இடங்களில் வாசகர் தடுக்கி விழுவார். வாதக் கட்டுரையில் முழு ஜோடிகள் கூடுதலாகத் தேவைப்படும், ஏனென்றால் அங்கே உறவே பேச்சுப்பொருள். கதை சொல்லும் 400 எழுத்துப் பத்தியில் யின்வெய்–சுவோயி முழு ஜோடி ஒருமுறைக்கு மேல் வந்தால் மறுபடி படித்துப் பாருங்கள் என்பேன்.

அகராதிப் பொருளை நம்பி ஏமாறும் சொற்கள் சில. ஃபான்அர் என்பதற்கு 'மாறாக' என்று போட்டிருக்கும். "அவனுக்கு டீ பிடிக்கும், எனக்கு மாறாகக் காபி" என்பதற்கு அதைப் போட முடியாது. வெறும் வேறுபாட்டுக்கு 'அர்' (ஆனால்) என்ற சொல் போதும். எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக நடந்தால்தான் ஃபான்அர்: மருந்து சாப்பிட்டும் நோய் கூடிவிட்டது, அங்கே வரும். யூஷி என்பதற்கு 'ஆகவே' என்று இருக்கும்; ஆனால் அது ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ந்து இன்னொன்று நடந்ததைச் சொல்வது. "அவர் சீனர், ஆகவே சீனம் பேசுவார்" என்ற அனுமானத்துக்குப் பொருந்தாது. யோவ்யூ என்பது யின்வெயின் எழுத்துநடை அண்ணன் என்று நினைத்து இடம் மாற்றிப் போடுவார்கள். யின்வெய் இரண்டாம் கூற்றிலும் வரலாம், யோவ்யூ முதல் கூற்றில் மட்டும். யோவ்யூ யின்ட்ஸியோடு (ஆதலால்) சேரும், யின்வெய்க்குச் சுவோயியே துணை. பிங்ச்சியேயை 'மேலும்' என்று படித்துவிட்டு "ஒரு அண்ணன் பிங்ச்சியே ஒரு அக்கா" என்று எழுதாதீர்கள். அது வினைகளையும் கூறுகளையும் சேர்ப்பது, பெயர்களுக்கு ஹெ இருக்கிறது. ரான்ஹோவ் பேச்சில் ஓயாமல் வரும். எழுத்தில் உண்மையிலேயே 'அடுத்த படி' என்று காட்ட வேண்டிய இடத்தில் மட்டும்.

தேர்வு எழுதுபவர்களுக்கு: ஆறு நிலை எச்எஸ்கேயின் நான்காம் நிலையில், வாசிப்புப் பகுதியில் மூன்று கூறுகளைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லும் 10 வினாக்கள் உண்டு. டான்ஷி, சுவோயி, அர்ச்சியேயில் தொடங்கும் கூறும், எழுவாய் இல்லாமல் ஜியூ, யே, டோவில் தொடங்கும் கூறும் முதலில் வராது. பெயர் சொல்லி ஆளைக் காட்டும் கூறு பெரும்பாலும் முதலாவது. இவ்வளவு தெரிந்தாலே பாதி வினாக்கள் விழும். ஆறாம் நிலையில் சுமார் 1,000 எழுத்துக் கட்டுரையை 10 நிமிடம் படித்து, பிறகு 35 நிமிடத்தில் 400 எழுத்தாகச் சுருக்க வேண்டும். அங்கே யின்வெய்–சுவோயியை அடித்து ஜியூவை வைப்பது இடத்தையும் மிச்சப்படுத்தும்.

பயிற்சிக்கு ஒரு வழி. எழுதி முடித்த பத்தியில் எல்லா இணைப்புச்சொற்களையும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றையும் விரலால் மூடிக்கொண்டு உரக்கப் படியுங்கள். பொருள் கெடவில்லை என்றால் அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் ரூகுவோ, ஜீயாவ், ஜீயோவ், ஜீஷி, பூகுவான் எதுவாக இருந்தாலும் அடுத்த கூற்றில் வினைக்கு முன்னால் விரலை வைத்து, ஜியூவோ ட்சாயோ யேயோ டோவோ இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வரிசை முக்கியம்: முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு அடிக்கத் தொடங்கினால் எதை விட்டோம் என்றே தெரியாமல் போகும்.

ஒரு ஜோடி சரியா என்ற ஐயம் வந்தால் இரண்டு இடங்களில் தேடுங்கள். பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் சிசிஎல் என்ற மொழித் தரவகத்தில் (தேடிப் பார்க்கக்கூடிய எழுத்துத் தொகுப்பில்) சீனர்கள் எழுதியது கிடைக்கும். பெய்ஜிங் மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம் தொகுத்த எச்எஸ்கே கட்டுரைத் தரவகத்தில் 1992 முதல் 2005 வரை வெளிநாட்டவர் தேர்வில் எழுதிய கட்டுரைகள், 11,000க்கு மேல், பிழைக் குறிகளோடு இருக்கின்றன. விட்டுப்போன சொல், மிகையான சொல், தவறான சொல் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. அதில் 'ஜீயோவ்' என்று தேடி, ட்சாய் விட்டுப்போனதாகக் குறிக்கப்பட்ட வாக்கியங்களை ஒரு இருபது எடுத்து, திருத்தத்தை மறைத்துக்கொண்டு நீங்களே திருத்திப் பாருங்கள். பிறகு அதே சொல்லை சிசிஎல்லில் தேடி, ட்சாய் எழுவாய்க்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.